பத்தொன்பது லட்சம் போதும்

முப்பத்தொரு வருடம் வங்கியில், அதிலும் பெரும்பகுதி கடன் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கேட்ட தொகையைக் குறைத்தால் சண்டைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் கலங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் பிடித்து வந்து போனில் பேச வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வங்கி தருவதாகச் சொன்ன பணத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு, மீதி வேண்டாம் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ஸ்டெல்லா. பணம் அவருடையதும் இல்லை, கடனும் அவருடையது இல்லை. அவர் அந்த ஹோட்டலில் சம்பளத்துக்கு வேலை பார்த்த கணக்காளர்.

சிகந்தராபாத் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சந்துகளில் ஒன்றில் இருக்கிறது ஹோட்டல் சுப்ரபா. முப்பத்தெட்டு அறைகள். கீழே ஒரு சாப்பாட்டுக் கூடம். ராத்திரி ரயிலைத் தவறவிட்டவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பரீட்சை எழுத வந்தவர்கள், ஒருநாள் வியாபார வேலையாக வந்தவர்கள், இவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். முதலாளி உமேஷ். அவருடைய தாத்தா குல்பர்காவிலிருந்து வந்து கட்டிய இடம். 2017இல் உமேஷ் எங்கள் கிளையில் கடன் வாங்கி லிஃப்ட் வைத்தார், எல்லா அறைக்கும் ஏ.சி. போட்டார், குளியலறைகளை இடித்துப் புதிதாகக் கட்டினார். அந்தக் கடனில் 2020 பிப்ரவரி கடைசியில் ஒரு கோடியே அறுபது லட்சம் பாக்கி இருந்தது.

ஸ்டெல்லாவின் அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து லாலாகூடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஸ்டெல்லா பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் அதைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள்தான். கணவர் ஷ்யாம் சரக்கு ரயில் ஓட்டுநர். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒரே மகள் பிந்து அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மா தமிழில் கேட்டால் மகள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். ஸ்டெல்லா பி.காம். முடித்துச் சில வருடம் கழித்து சுப்ரபாவில் வரவேற்பு மேஜையில் சேர்ந்தார், பிறகு கணக்குக்கு மாறினார். நான் சொல்லப்போவது நடந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. அங்கே இருபத்துமூன்று வருடம் ஆகியிருந்தது.

மார்ச் மாதக் கடைசியில் ரயில்கள் நின்றன. ரயில் நிலையத்தை நம்பிப் பிழைக்கும் லாட்ஜுக்கு ரயில் நின்றால் என்ன மிச்சம்? இரண்டு நாளில் முப்பத்தெட்டு அறைகளும் காலி. ஊருக்குப் போக வழியில்லாத ஒன்பது ஊழியர்கள் மட்டும் மொட்டை மாடி அறைகளில் தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் வீட்டில். மொத்தம் இருபத்தேழு பேர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் உமேஷ் ஸ்டெல்லாவுக்கு போன் செய்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது எப்போதும் ஹைதராபாத் ஹிந்தியில்தான்; அண்ணன் என்ற பொருளில் 'பாய்' என்று அவரைக் கூப்பிடுவார் ஸ்டெல்லா. அன்றைய பேச்சை ஸ்டெல்லா பின்னால் எனக்குத் தமிழில் சொன்னார்.

"ஒரு பில்டர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான். குடுத்துடலாம்னு பாக்கறேன். எல்லாருக்கும் கணக்கு முடிச்சுடு. லெட்டர் தயார் பண்ணு."

"எப்போ வேணும் பாய்?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள."

"பதினஞ்சு நாள் குடுங்க. அதுக்குள்ள லெட்டரும் தயார் பண்றேன், வேற வழி இருக்கான்னும் பாக்கறேன்."

"வழி என்ன இருக்கு? சர்க்கார் நமக்கு என்ன பண்ணப்போகுது?"

"அதான் பாக்கறேன்னு சொல்றேன்."

மறுநாள் காலை ஸ்டெல்லா லாட்ஜுக்குக் கிளம்பினார். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. நடக்க வேண்டும். மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மம்மி, ப்ளீஸ், வெள்ளொத்து. டாடியும் வீட்ல இல்ல."

போகாதே என்று சொல்லும்போது தெலுங்கும், அப்பாவைச் சொல்லும்போது தமிழும் வந்தது மகளுக்கு. ஷ்யாம் அன்று காஜிப்பேட்டைப் பக்கம் நிலக்கரி வண்டியோடு இருந்தார். சரக்கு ரயில்கள் ஒரு நாளும் நிற்கவில்லை.

"உங்க டாடி வண்டி ஓட்டலாம், நான் நடந்து போகக் கூடாதா? ஃபைல் எல்லாம் அங்கதாண்டி இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

சிலகல்குடா முனையில் போலீஸ்காரர் நிறுத்தினார். "கிதர் ஜாரே மேடம்?" என்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஸ்டெல்லா லாட்ஜின் அடையாள அட்டையைக் காட்டி, ஊழியர்களின் பி.எஃப். கணக்கைத் தாக்கல் செய்யப் போவதாகச் சொன்னார். அவருக்கு அது விளங்கவில்லை. மாடியில் ஒன்பது பேர் சாப்பாடில்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னதும் வழிவிட்டார். இரண்டுமே உண்மைதான்.

அன்று அவர் கொண்டுவந்த இரண்டு பை ஃபைல்களோடுதான் அந்தப் பதினைந்து நாள் வேலை தொடங்கியது. மெட்டுகுடா வீட்டின் சாப்பாட்டு மேஜையில், மகளின் லேப்டாப்பில், அரசும் ரிசர்வ் வங்கியும் வெளியிட்ட ஒவ்வொரு சுற்றறிக்கையையும் படித்தார். வாட்ஸ்அப்பில் வந்த சுருக்கங்களை நம்பவில்லை. மூல அறிக்கையைத் தேடி எடுத்து, புரியாத வரிகளை மகளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நூறு பேருக்குக் குறைவாக, அதுவும் பெரும்பாலும் மாதம் பதினைந்தாயிரத்துக்குக் கீழ் வாங்குபவர்கள் வேலை செய்யும் இடங்களில், சில மாதங்களுக்கு பி.எஃப். பணத்தில் ஊழியர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் அரசே கட்டும் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. சுப்ரபா அதில் அடங்கியது. ஆனால் ஒவ்வொரு மாதமும் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பூட்டிக் கிடந்த பல ஹோட்டல்கள் அதைச் செய்யாமல் விட்டன. ஸ்டெல்லா ஒரு மாதமும் தவறவிடவில்லை. கட்டணம் குறையட்டும் என்று மின் இணைப்பின் சுமையைத் தற்காலிகமாகக் குறைக்கச் சொல்லி மனு போட்டார். லிஃப்ட் பராமரிப்புக்காரரிடம் பேசி ஆறு மாதத்துக்கு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்.

கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்ற அறிவிப்பு வந்தபோது உமேஷ் மகிழ்ந்துபோய் போன் செய்தார். மூன்று மாதத் தவணை தள்ளுபடி என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"தள்ளுபடி இல்ல பாய், தள்ளிவைக்கறாங்க. வட்டி ஓடிட்டேதான் இருக்கும்" என்று ஸ்டெல்லா விளக்கினார். "நமக்கு வேற வழியில்ல, எடுத்துக்கலாம். ஆனா மிச்சம்னு நெனைச்சு செலவு பண்ணாதீங்க."

சம்பளத்துக்கு அவர் ஒரு பட்டியல் போட்டார். பன்னிரண்டாயிரத்துக்குக் கீழ் வாங்குபவர்களுக்கு முக்கால் பங்கு. அதற்கு மேல் போகப் போக வெட்டும் கூடும். அதிகச் சம்பளம் வாங்கிய இரண்டு பேருக்குப் பாதிதான். அந்த இருவர் தலைமைச் சமையல்காரரும் ஸ்டெல்லாவும்.

இதெல்லாம் செலவைக் குறைக்கும் வழி. வரவு வேண்டுமே? பதினைந்து நாளில் பன்னிரண்டாவது நாள் அதுவும் கிடைத்தது.

செவிலியர்களை வாடகைக்கு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் அப்போது அவர்களைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோயைக் கொண்டுவந்துவிடுவார்களாம். மாதா கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செவிலியர் அழுது அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதும், ஸ்டெல்லா அந்தப் பெண் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் நிர்வாக அலுவலகத்துக்கு போன் செய்தார். நான்கு முறை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஐந்தாவது ஆள் பேசினார். இருபத்திரண்டு அறைகள், மாத வாடகை, காலை இரவுச் சாப்பாடு, முன்பணமாக ஒரு மாதம். ஒப்பந்தம் இரண்டு நாளில் முடிந்தது. வழக்கமான அறை வாடகையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அது நிச்சயமான பணம்.

உமேஷ் பில்டருக்கு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். மாடியில் இருந்த ஒன்பது பேருக்குத்தான் பயம். கோவிட் வார்டில் வேலை பார்ப்பவர்களின் அறையை யார் கூட்டுவது, படுக்கை விரிப்பை யார் துவைப்பது? சலவைப் பொறுப்பில் இருந்த பெருமாள் ஐம்பது வயதுக்காரர், அதே லாட்ஜில் இருபது வருடம் விரிப்பு துவைத்தவர். அவர்தான் முதலில் மறுத்தார்.

"நக்கோ அக்கா. எனக்கு சர்க்கரை இருக்கு. நான் தொட மாட்டேன்."

ஸ்டெல்லா வற்புறுத்தவில்லை. செவிலியர்கள் வந்து நான்காவது நாள், அவர்களே மூட்டையாகக் கட்டி அறை வாசலில் வைத்திருந்த துணிகளை, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறக்கிச் சலவை அறைக்குக் கொண்டுபோனார். கொதிநீர்த் தொட்டியில் மூட்டையைப் பிரிக்காமலே போட்டார். மருத்துவமனைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த முறை அது. அரை மணி நேரம் கழித்து எடுத்து இயந்திரத்தில் போட்டார். பெருமாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் ஸ்டெல்லாவே செய்தார்.

பெருமாள் இதை என்னிடம் சொல்லும்போது இன்னமும் அவருக்குக் கூச்சமாக இருக்கும். "நாலாவது நாள் நானே போய் வாங்கிட்டேன் சார். கணக்கு எழுதற கை அது. விரிப்புக்கு ப்ளீச்சு ஜாஸ்தி போட்டு ரெண்டைக் கிழிச்சிடுச்சு. எவ்வளவு நேரந்தான் பாத்துட்டிருக்கறது?"

ஜூன் பாதியில் ஸ்டெல்லா எங்கள் கிளைக்கு வந்தார். நான் அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அன்றுதான். கிளை வாசலில் கயிறு கட்டி, ஒரு நேரத்தில் நான்கு பேரைத்தான் உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம். என் மேஜைக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. அந்தப் பக்கம் மாஸ்க்குக்கு மேல் இரண்டு கண்கள், ஒரு துணிப்பை.

மத்திய அரசின் உத்தரவாதத்தோடு சிறுதொழில்களுக்கு அவசரக் கடன் தரும் திட்டம் அப்போது வந்திருந்தது. பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி இருந்த பாக்கியில் இருபது சதவீதம் வரை, புதிய அடமானம் இல்லாமல், நான்கு வருடத் தவணையில். முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும். சுப்ரபாவுக்கு அது முப்பத்திரண்டு லட்சம் வரும். ஆனால் அந்தத் தேதியில் தவணை அறுபது நாளுக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது.

நான் கம்ப்யூட்டரில் கணக்கைப் பார்த்தேன். "உங்களுக்குப் பொருந்தாதும்மா" என்றேன்.

"ஏன் சார்?"

"பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு அறுபத்தாறு நாள் பாக்கி. டிசம்பர் தவணையே வரலை."

"ஜனவரி, பிப்ரவரி தவணை பாக்கிதான் சார், ஒத்துக்கறேன். டிசம்பர் கட்டியாச்சு. அப்ப முப்பத்தஞ்சு நாள்தான் வரும்."

"கம்ப்யூட்டர் அறுபத்தாறுன்னுதான் சொல்லுது."

"யாராவது சொன்னதைத்தானே சார் கம்ப்யூட்டர் சொல்லும்?"

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரிசை நின்றது. கிளையில் பாதிப் பேர் இல்லை. தஞ்சாவூரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போக முடியவில்லை. "ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க, பாக்கலாம்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அவர் இரண்டு நாளில் வந்தார். காசோலை செலுத்திய சீட்டின் அடிக்கட்டை கையில் இருந்தது. டிசம்பர் தவணையைத் தாமதமாகக் கட்டிய ஜனவரி பதினேழாம் தேதி, எங்கள் கிளையின் முத்திரையோடு. கூடவே ஹோட்டலின் நடப்புக் கணக்கில் அந்தக் காசோலை பணமாகிக் கழிந்ததற்கான பக்கம்.

"பணம் எங்க கணக்குலேர்ந்து போயிடுச்சு சார். கடன் கணக்குக்கு வரலை. நடுவுல எங்கியோ நிக்குது. அதைத்தான் நீங்க பாக்கணும். கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் மார்ச் கடைசியிலதான் வரும், அதுக்குள்ள எல்லாத்தையும் மூடிட்டாங்க. இல்லன்னா அப்பவே வந்து கேட்டிருப்பேன்."

தேடினேன். இருபது நிமிடத்தில் கிடைத்துவிட்டது. உமேஷ் வீட்டுக்கடன் ஒன்றும் எங்களிடம் வைத்திருந்தார், மனைவியோடு கூட்டாக. இரண்டு கடன் எண்களும் கடைசி இரண்டு இலக்கத்தில்தான் மாறுபடும். டிசம்பர் தவணை அந்த வீட்டுக்கடனில் போய் விழுந்திருந்தது. குறுஞ்செய்தி உமேஷின் மனைவியின் கைபேசிக்குப் போயிருக்கும், அவர் பார்த்திருக்க மாட்டார். பதிவு செய்தவரின் குறியீட்டைப் பார்த்தேன். ஜனவரி பதினேழு, சங்கராந்தி விடுமுறையை நீட்டிக்கொண்டு கவுன்ட்டர் ஊழியர் வரவில்லை. அன்று அவருடைய இடத்தில் உட்கார்ந்தது நான். அது என் குறியீடு.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா காத்திருந்தார். அவருக்கு அந்தக் குறியீடு என்னவென்று தெரியாது. ஏதோ தவறு நடந்திருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்று நான் அனுப்பியிருக்கலாம். பழைய தேதியிட்டுத் திருத்த வட்டார அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் விளக்கம் எழுத வேண்டும். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிறவன் எழுத விரும்பும் கடிதம் இல்லை அது.

"தப்பு நம்ம பக்கம்தான்" என்றேன் கடைசியில். "நம்ம பக்கம்னா, என் பக்கம். அன்னிக்கு நான்தான் என்ட்ரி போட்டிருக்கேன்."

அவர் துணிப்பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார்.

"மேல எழுதணும். எப்படி எழுதறதுன்னு யோசிக்கறேன்."

"தப்பு பண்ணிட்டேன்னெல்லாம் எழுத வேணாம் சார். எந்தத் தேதி, எந்தச் செக்கு, எந்தக் கணக்குல விழணும், எதுல விழுந்துச்சு. இவ்வளவுதானே? நடந்ததை எழுதுங்க. படிக்கறவங்களுக்குப் புரியும்." பிறகு, "எனக்கும் இப்படி ஆகியிருக்கு" என்றார். "ஒரு தடவை கேஸ் ஏஜென்ட் பணத்தைப் பால்காரருக்கு அனுப்பிட்டேன். பால்காரர் நல்லவரு, திருப்பிக் குடுத்தாரு."

அன்று மாலையே எழுதினேன். அவர் சொன்னபடியே, நான்கு வரி. விளக்கம் கேட்டுக் குறிப்பு வந்தது, அதற்கும் பதில் எழுதினேன். என் பணிப் பதிவேட்டில் அது ஏறியது. ஒன்பதாவது நாள் திருத்தத்துக்கு அனுமதி வந்தது. சுப்ரபாவின் பாக்கி முப்பத்தைந்து நாள் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது.

கையெழுத்துப் போட உமேஷும் ஸ்டெல்லாவும் சேர்ந்து வந்தார்கள். முப்பத்திரண்டு லட்சத்துக்குக் காகிதங்களைத் தயாராக வைத்திருந்தேன். அந்தத் திட்டத்தில் முடிந்தவரை அதிகம் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு மேலிருந்து நெருக்கடி. ஸ்டெல்லா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"பத்தொன்பது லட்சம் போதும் சார்."

உமேஷ் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது புதிய செய்தி என்று முகத்தில் தெரிந்தது. "கைக்கு?" என்று கேட்டார். ஏன் என்று அர்த்தம்.

"நர்ஸுங்க வாடகை போக மாசம் ஒண்ணேகால் லட்சம் துண்டு விழுது பாய். ஒரு வருஷத்துக்குப் பதினஞ்சு லட்சம். மளிகை, காய்கறி, சோப்புக்காரருக்குப் பழைய பாக்கி நாலு லட்சம். அவங்களும் நம்மள மாதிரிதான், கடையைத் தூக்கற நெலமை. பத்தொன்பது ஆச்சா?"

"மீதியை எடுத்து வச்சுப்போம். குடுக்கும்போது வாங்கிக்கணும். வட்டி ஒம்போதுதானே?"

"வச்சிருந்தா செலவாயிடும். ரெண்டாவது மாடிக்கு டி.வி. மாத்தணும்னு சொல்லிட்டிருந்தீங்க. ஆளே வராத ரூமுக்கு டி.வி. எதுக்கு? அந்த ஒம்போது எங்கேர்ந்து வரும்?"

உமேஷ் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கூட்டலைச் சரிபார்த்தார். பிறகு என்னிடம், "எழுதுங்க சார், பத்தொன்பது" என்றார். எரிச்சலும் பெருமையும் கலந்த ஒரு குரல். வட்டார அலுவலகத்தில் ஏன் குறைத்தாய் என்று கேட்டார்கள். வாடிக்கையாளர் கேட்கவில்லை என்றேன். நம்பவில்லை.

ஜூலையிலிருந்து பத்து மாதம் அந்தப் பணத்திலும் செவிலியர்களின் வாடகையிலும் லாட்ஜ் ஓடியது. ரயில்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பிப்ரவரியில், செவிலியர்கள் இருந்தவை போக மீதி அறைகளில் பாதி நிறைந்தன. சம்பளம் முழுதாகக் கிடைக்கத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இரண்டாம் அலை வந்தது. முதலாவதைவிடக் கொடியது அது.

பெருமாளுக்கு வந்தது. சர்க்கரை வியாதியோடு ஆக்ஸிஜன் தேவைப்படும் நிலை. ஊழியர் காப்பீட்டு அட்டை உயிரோடு இருந்ததால் அதில் சேர்ந்த மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. முக்கால் சம்பளம் கொடுத்த மாதங்களிலும் ஸ்டெல்லா அந்தச் சந்தாவை நிறுத்தவில்லை. பெருமாள் பத்தொன்பது நாளில் திரும்பி வந்தார். இரவுக் காவலர் சலீம் திரும்பவில்லை. மே இரண்டாம் வாரம், ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டிலேயே இறந்துபோனார்.

அந்த மரணத்தைப் பற்றி ஸ்டெல்லா அதிகம் பேச மாட்டார். முந்தைய நாள் சலீம் போன் செய்து, லேசான ஜுரம்தான், ரெண்டு நாள் லீவு போதும் என்று சொல்லியிருக்கிறார். "நான் சரின்னு சொல்லி வச்சுட்டேன் சார். மூச்சு எப்படி இருக்குன்னு கேக்கலை" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். பி.எஃப். கணக்கோடு சேர்ந்து ஒரு ஆயுள் காப்பீடு உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. சலீமின் மனைவி பானுவுக்கும் தெரியாது. ஸ்டெல்லா அவரைக் கூட்டிக்கொண்டு நான்கு மாதம் அலைந்தார். பெயரில் ஒரு எழுத்து ஆதாரில் வேறு, பி.எஃப். கணக்கில் வேறு. அதைத் திருத்தவே இரண்டு மாதம். பணம் வந்த பிறகு பானு சாப்பாட்டுக் கூடத்தில் வேலைக்கு வர விரும்பினார். இப்போது அங்கே ரொட்டிப் பிரிவு அவருடையது.

அந்தக் கோடையில் அவசரக் கடன் திட்டத்தை ஹோட்டல்களுக்கென்று விரிவாக்கியிருந்தார்கள். பழைய பாக்கியில் நாற்பது சதவீதம் வரை, ஆறு வருடத் தவணை, முதல் இரண்டு வருடம் வட்டி மட்டும். நான் போன் செய்து சொல்வதற்கு முன்பே ஸ்டெல்லாவின் மனு என் மேஜைக்கு வந்துவிட்டது. இந்த முறை பதினேழு லட்சம். அதற்கும் ஒரு தாள் இருந்தது. உமேஷ் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சந்தில் அப்போது ஏழு லாட்ஜுகள் இருந்தன. இரண்டு விற்கப்பட்டன, ஒன்று பூட்டியே கிடக்கிறது. மூன்று லாட்ஜ் முதலாளிகள் சுப்ரபாவின் வரவேற்பறைக்கு வந்து ஸ்டெல்லாவிடம் தங்கள் ஃபைலைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். உமேஷுக்கு முதலில் பிடிக்கவில்லை, போட்டிக்காரர்கள் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த பிறகு பார்க்கிறேன், அது என் நேரம் என்று சொல்லிவிட்டார் ஸ்டெல்லா. ஒருவருக்கு, நீங்கள் கடன் வாங்காதீர்கள், கட்டடத்தை வாடகைக்கு விட்டுவிடுங்கள் என்று சொன்னார். அவர் அப்படியே செய்தார். இன்று அது மகளிர் விடுதியாக நன்றாக நடக்கிறது. கேட்காமல் முழுத் தொகையும் வாங்கிய இன்னொருவர் அடுத்த வருடமே எங்கள் வங்கியின் வசூல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சுப்ரபாவில் இருபத்தேழு பேரில் இருபத்துமூன்று பேர் தொடர்ந்தார்கள். சலீம் இல்லை. தலைமைச் சமையல்காரர் ஒடிசா போனவர் அங்கேயே கடை போட்டுவிட்டார். இரண்டு பேர் மாதாப்பூர்ப் பக்கம் அலுவலக கேன்டீன்களுக்குப் போனார்கள். முதல் அவசரக் கடன் 2024 ஜூலையில் தீர்ந்தது, ஒரு தவணைகூடத் தவறாமல். நான் அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் அந்தச் செய்தியை ஸ்டெல்லா எனக்கு போன் செய்து சொன்னார். அதே போனில் இன்னொன்றும் சொன்னார். உமேஷ் அவரை மேலாளராக்கிவிட்டார். சம்பளம் கூடியது பற்றிச் சொல்லவில்லை. கணக்குக்குப் புதிதாக ஒருவரை எடுத்திருக்கிறார்கள், அவர் அடிக்கட்டைகளைச் சரியாக வைப்பதில்லை என்று பத்து நிமிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

போன தை மாதம் என் மைத்துனர் குடும்பத்தில் பதினாறு பேர் ஒரு கல்யாணத்துக்காக வந்தார்கள். மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டில் அவ்வளவு பேருக்கு இடமில்லை. சுப்ரபாவில் ஆறு அறைகள் வேண்டும் என்று நேரில் போய்க் கேட்டேன். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் வரவேற்பு மேஜையைச் சூழ்ந்திருந்தது. ஸ்டெல்லா பதிவேட்டைப் புரட்டி ஆறு அறைகளைக் காட்டினார்.

"ஏதாவது குறைச்சுப் போடக் கூடாதா?" என்று கேட்டேன், உரிமையோடு.

"சீசன் சார். குறைக்க முடியாது." பிறகு முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, "உங்க பேங்குக்கு ரெண்டாவது கடன் இன்னும் ஓடிட்டிருக்கு, மறந்துட்டீங்களா?" என்றார்.

முன்பணம் கொடுத்தேன். ரசீது எழுதி, தேதியும் முத்திரையும் போட்டு, என் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லிக் கையில் கொடுத்தார். அதற்குள் அடுத்த ஆள் மேஜைக்கு வந்துவிட்டார். விஜயவாடா வண்டி மூன்று மணி நேரம் தாமதமாம், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஸ்டெல்லா சாவியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பெட்டியைத் தானே தூக்கி லிஃப்ட்டுக்குள் வைத்தார்.